பெனன்ட் பந்தயமும் பெஞ்ச் ஆட்டக்காரரும்: 1969 ஜூலையில் ஆல் வைஸ்

பேஸ்பால் அணிகளின் தரவரிசைப் பட்டியலை முதன்முதலாகப் பார்ப்பவரை வெற்றி, தோல்வி ஆகிய பத்திகள் அவ்வளவாகக் குழப்புவதில்லை. அவற்றுக்கு அப்பால் ஓரமாக நிற்கும் ஒரு பத்திதான் குழப்புகிறது. அதில் 2½, 4, 9½ என்று அரைகளோடு கூடிய எண்கள் இருக்கும். முதலிடத்தில் உள்ள அணிக்கு நேரே மட்டும் ஒரு சிறு கோடு இருக்கும். ஓர் அணி எப்படி அரை ஆட்டம் பின்தங்கியிருக்க முடியும் என்பதற்கு விடை தெரிந்துவிட்டால், அமெரிக்க பேஸ்பாலில் 'பெனன்ட் பந்தயம்' என்று எதைச் சொல்கிறார்கள் என்பதும், அந்தப் பந்தயத்தின் நடுவே ஒரு மாற்று ஆட்டக்காரர் ஒரே ஒரு பிற்பகலில் செய்த காரியத்தை ஐம்பது ஆண்டுகள் கடந்தும் ஏன் நினைவுகூர்கிறார்கள் என்பதும் விளங்கத் தொடங்கும்.

அந்தப் பத்தியில் இருப்பது ஆட்ட இடைவெளி. முதலிட அணியின் வெற்றிகளிலிருந்து நம் அணியின் வெற்றிகளைக் கழிக்க வேண்டும். நம் அணியின் தோல்விகளிலிருந்து முதலிட அணியின் தோல்விகளைக் கழிக்க வேண்டும். இரண்டு விடைகளையும் கூட்டிப் பாதியாக்கினால் இடைவெளி கிடைக்கும். முதலிட அணி 50 வெற்றி, 30 தோல்வியோடும், நம் அணி 47 வெற்றி, 32 தோல்வியோடும் இருந்தால், வெற்றியில் வித்தியாசம் 3, தோல்வியில் வித்தியாசம் 2, கூட்டினால் 5, பாதியாக்கினால் 2½. மழையாலும் பயண நாள்களாலும் எல்லா அணிகளும் ஒரே எண்ணிக்கையில் ஆடி முடித்திருப்பதில்லை. அரைகள் அதனால்தான் வருகின்றன.

இந்தக் கணக்கிலிருந்து பிறக்கும் ஒரு சிறு உண்மைதான் இக்கட்டுரைக்கு முக்கியம். நம் அணி வேறு ஏதோ ஓர் அணியை வென்று, முதலிட அணி அன்று ஆடாமல் இருந்தால், இடைவெளி அரை ஆட்டம் மட்டுமே குறையும். நம் அணி முதலிட அணியையே நேருக்கு நேர் சந்தித்து வென்றால், நமக்கு ஒரு வெற்றியும் அவர்களுக்கு ஒரு தோல்வியும் ஒரே நேரத்தில் பதிவாவதால், இடைவெளி ஒரு முழு ஆட்டம் குறைந்துவிடும். தோற்றால் அதே அளவு கூடும். ஆகவே நேரடி மோதலில் ஒரு பந்து எந்தப் பக்கம் போகிறது என்பது, பட்டியலில் இரண்டு ஆட்டங்கள் அளவுக்கு வேறுபாட்டை உண்டாக்குகிறது.

பெனன்ட் என்ற சொல் நீண்டு குறுகும் கொடியைக் குறிக்கும். லீக்கில் முதலிடம் பெற்ற அணி தன் மைதானத்தில் வெற்றிக் கொடி ஒன்றை ஏற்றிப் பறக்கவிடும் வழக்கம் இருந்ததால், லீக் பட்டத்துக்கே அப்பெயர் வந்தது. 1968 வரை நேஷனல் லீக், அமெரிக்கன் லீக் ஆகிய இரண்டிலும் ஆட்டப் பருவம் முடியும்போது முதலிடத்தில் நிற்கும் அணி நேரடியாகக் கொடியை வென்றுவிடும். இரண்டு கொடிகளும் அக்டோபரில் உலகத் தொடரில் மோதும். 1969இல் இம்முறை மாறியது. நான்கு புதிய அணிகள் சேர்ந்ததால் ஒவ்வொரு லீக்கும் பன்னிரண்டு அணிகளாகி, கிழக்கு, மேற்கு என்று ஆறு ஆறாகப் பிரிக்கப்பட்டது. பிரிவில் முதலிடம் பெற்றவர்கள் ஐந்து ஆட்டங்கள் கொண்ட ஒரு குறுந்தொடரில் மோதி, மூன்றை வென்றவரே கொடியைப் பெற வேண்டும் என்று ஆயிற்று. எனவே கறாராகப் பார்த்தால் அந்த ஆண்டின் ஜூலையில் நடந்தது பிரிவுப் பந்தயம்தான். ஆனால் பழகிய நாக்கு எளிதில் மாறுவதில்லை, மக்கள் அதையும் பெனன்ட் பந்தயம் என்றே அழைத்தார்கள்.

ஆட்டப் பருவம் 162 ஆட்டங்கள் கொண்டது. ஏப்ரலில் தொடங்கி செப்டம்பர் இறுதி வரை, ஓய்வு நாள்கள் சொற்பமாக, ஏறத்தாழ அன்றாடம் ஆட வேண்டும். கிரிக்கெட் பார்த்துப் பழகிய நமக்கு இந்த எண்ணிக்கையே முதலில் திகைப்பாக இருக்கும். இவ்வளவு ஆட்டங்களுக்கும் ஒரே ஒன்பது பேரை வைத்துக்கொண்டு தாக்குப்பிடிக்க எந்த அணியாலும் முடியாது. ஒரு ஆட்டக்காரருக்குத் தொடைத் தசை பிடித்துக்கொள்ளும். இன்னொருவருக்கு விரல் முறியும். மற்றொருவர் காரணமே தெரியாமல் இரண்டு வாரம் பந்தைத் தொடாமல் மட்டையை வீசிக்கொண்டிருப்பார். அதனால் அன்றைய விதிப்படி அணியில் 25 பேர் இருந்தார்கள். அவர்களில் பந்தெறியும் பிட்சர்களைக் கழித்து, அன்றாடம் களமிறங்கும் எட்டுப் பேரையும் கழித்தால், எஞ்சிய சிலர்தான் பெஞ்ச் ஆட்டக்காரர்கள்.

பேஸ்பாலில் மாற்றுவதற்குக் கடுமையான ஒரு விதி உண்டு. வெளியே எடுக்கப்பட்ட ஆட்டக்காரர் அந்த ஆட்டத்தில் மீண்டும் உள்ளே வர முடியாது. மாற்றாக வருபவர் முழு ஆட்டக்காரராகவே வருகிறார்: பந்தைத் தடுப்பார், மட்டையும் பிடிப்பார். ஆகவே பெஞ்சில் உள்ள ஒவ்வொருவரும் மேனேஜருக்கு ஒரு முறை மட்டுமே செலவழிக்கக் கூடிய காசு. இங்கே மேனேஜர் என்றால் யார் ஆடுவது, யாரை எப்போது மாற்றுவது என்று தீர்மானிப்பவர்.

பெஞ்ச் ஆட்டக்காரர்களுக்குள்ளும் வகைகள் உண்டு. முக்கியமான நேரத்தில் அடிப்பதற்கென்றே வைக்கப்படுபவர் ஒரு வகை. கால் வேகத்துக்காக வைக்கப்படுபவர் இன்னொரு வகை. மூன்றாவது வகை, உள்களத்தின், அதாவது ஓடுபவர்கள் தொட்டுச் செல்லும் நான்கு பேஸ்கள் அமைந்த பகுதியின், பல இடங்களில் நின்று நம்பகமாகப் பந்தைத் தடுக்கத் தெரிந்தவர். அவரிடம் யாரும் பெரிய அடியை எதிர்பார்ப்பதில்லை. நியூயார்க் மெட்ஸ் அணியின் ஆல் வைஸ் இந்த மூன்றாவது வகையைச் சேர்ந்தவர். இரண்டாம் பேஸிலும், இரண்டாம் மூன்றாம் பேஸ்களுக்கு இடையே உள்ள ஷார்ட்ஸ்டாப் இடத்திலும் ஆடக் கூடியவர். 1969 பருவத்தில் அவருடைய அடிச் சராசரி .215, அதாவது கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும் ஆயிரம் வாய்ப்புகளுக்கு 215 முறைதான் வெற்றிகரமாக அடித்திருக்கிறார் என்று பொருள். .300 எட்டியவரைச் சிறந்தவர் என்றும், .250 சுமாரானது என்றும் கொள்ளும் உலகில் இது தாழ்ந்த எண். பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பும் ஹோம் ரன்னோ, 1962 முதல் 1971 வரை நீண்ட அவருடைய வாழ்க்கை முழுவதிலும் ஏழே ஏழு.

தடுப்பாட்டத்துக்காக வைக்கப்பட்டவர் என்றாலும் அதிலும் அவருக்கு ஒரு கசப்பான இரவு உண்டு. 1968 ஏப்ரல் 15 அன்று ஹூஸ்டனில் நடந்த ஆட்டம், வழக்கமான 9 இன்னிங்ஸில் (இரு அணிகளும் ஒவ்வொரு முறை அடித்து முடிப்பது ஒரு இன்னிங்ஸ்) முடியாமல் 24ஆவது இன்னிங்ஸ் வரை ரன் ஏதுமின்றி நீண்டது. கடைசியில் ஷார்ட்ஸ்டாப்பில் நின்ற வைஸின் கால்களுக்கிடையே ஒரு தரைப் பந்து நழுவிச் செல்ல, மெட்ஸ் 1-0 என்று தோற்றது. நன்றாக ஆடும்போது கண்ணுக்குத் தெரியாமலும், தவறும்போது ஊரறியவும் இருப்பது இவ்வகை ஆட்டக்காரர்களின் தலையெழுத்து.

மெட்ஸ் அணியின் நிலையையும் சொல்லியாக வேண்டும். 1962இல் தொடங்கிய அந்த அணி முதல் ஆண்டிலேயே 120 ஆட்டங்களில் தோற்றது. பத்து அணிகள் கொண்ட லீக்கில் 1968 வரை ஒன்பதாம் இடத்துக்கு மேல் ஏறியதே இல்லை. அப்படிப்பட்ட அணி 1969 ஜூலையில், கிழக்குப் பிரிவில் முதலிடம் வகித்த சிகாகோ கப்ஸ் அணியை எட்டிப் பிடிக்கும் தூரத்துக்கு வந்திருந்தது. அந்த மாதத்தில் ஒன்பது நாள்களுக்குள் இரண்டு அணிகளும் ஆறு முறை மோதின: 8 முதல் 10 வரை நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில், 14 முதல் 16 வரை சிகாகோவின் ரிக்லி ஃபீல்டில். முன்பு சொன்ன கணக்கின்படி ஒவ்வொரு ஆட்டமும் இடைவெளியை ஒரு முழு ஆட்டம் நகர்த்தும்.

இந்த நேரம் பார்த்து மெட்ஸின் வழக்கமான ஷார்ட்ஸ்டாப் பட் ஹாரல்சன் அணியில் இல்லை. வியட்நாம் போர்க் காலம் அது. பல இளம் ஆட்டக்காரர்கள் ராணுவ ரிசர்வில் சேர்ந்திருந்தார்கள், கோடையில் சில நாள்கள் சீருடைப் பணிக்குப் போக வேண்டியிருந்தது. ஹாரல்சனும் அப்படித்தான் போயிருந்தார். அணியின் மிகச் சிறந்த தடுப்பாட்டக்காரர்களில் ஒருவரை, பருவத்தின் மிக முக்கியமான இரண்டு வாரங்களில் அரசாங்கம் அழைத்துக்கொண்டது. அந்த இடத்தில்தான் வைஸ் நின்றார். மாற்று ஆட்டக்காரரின் வாய்ப்பு இன்னொருவரின் இல்லாமையிலிருந்துதான் வருகிறது. அவர் எப்போது தேவைப்படுவார் என்பதை அவரோ மேனேஜரோ தேர்ந்தெடுக்க முடிவதில்லை.

ஜூலை 14, திங்கட்கிழமை, கப்ஸ் 1-0 என்று வென்றது. மெட்ஸின் தலைசிறந்த பிட்சர் டாம் சீவர் ஒரே ஒரு ரன் கொடுத்தும் தோற்றார். சீவர் எறிந்தும் வெல்ல முடியவில்லை என்றால் மறுநாள் என்ன ஆகும் என்று மெட்ஸ் ரசிகர்கள் கவலைப்பட்டிருந்தால் அதில் நியாயம் இருக்கிறது.

மறுநாள் பிற்பகல் கப்ஸ் சார்பில் எறிந்தவர் டிக் செல்மா. முந்தைய ஆண்டு வரை மெட்ஸிலேயே இருந்தவர். பிற்பகல் என்று சொல்லக் காரணம் உண்டு: ரிக்லி ஃபீல்டில் அப்போது மின்விளக்குகளே கிடையாது, அங்கே 1988 வரை எல்லா ஆட்டங்களும் பகலில்தான் நடந்தன. நான்காவது இன்னிங்ஸில் இரண்டு மெட்ஸ் ஆட்டக்காரர்கள் பேஸ்களில் நிற்க, வைஸ் அடிக்க வந்தார். பலவீனமான அடிப்பவர் வரும்போது பிட்சர்கள் சற்று மூச்சுவிட்டுக்கொள்வது இயல்பு. அடுத்தடுத்து வரப்போகும் ஆபத்தானவர்களுக்காகச் சூழ்ச்சிகளைச் சேமித்து வைத்துக்கொண்டு, இவரிடம் நேரான பந்தை நம்பி எறிவார்கள். செல்மா என்ன நினைத்தார் என்று நாம் ஊகிக்க வேண்டாம். வைஸ் அடித்த பந்து இடப்புற வேலியைத் தாண்டிப் போனது. பேஸ்களில் நின்ற இருவரோடு அவரும் சேர்ந்து மூன்று ரன்கள். அந்தப் பருவத்தில் அவருடைய முதல் ஹோம் ரன் அது. ஆட்டம் 5-4 என்று மெட்ஸுக்கு முடிந்தது.

ஒரே ரன் வித்தியாசத்தில் முடிந்த ஆட்டத்தில் மூன்று ரன்கள் ஒருவருடைய ஓர் அடியில் வந்தன என்பதை மட்டும் பார்த்தால் போதும். அடுத்த நாள் மெட்ஸ் 9-5 என்று வென்றபோது வைஸ் இன்னொரு ஹோம் ரன் அடித்தார். 1969 பருவம் முழுவதிலும் அவர் அடித்த ஹோம் ரன்கள் இந்த இரண்டு மட்டுமே. இரண்டும் அடுத்தடுத்த நாள்களில், எதிரணியின் சொந்த மைதானத்தில், முதலிட அணிக்கு எதிராக.

இதைத் தெய்வச் செயல் என்று சொல்லிவிடுவது எளிது. அன்று பலரும் அப்படித்தான் சொன்னார்கள். எண்களின் கோணத்தில் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. பேஸ்பாலில் மிகப் பலவீனமான அடிப்பவருக்கும், மிகச் சிறந்தவருக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரு நாளில் தெரிவதில்லை. நான்கு வாய்ப்புகளில் .215 சராசரிக்காரர் இரண்டு முறை அடிக்கலாம், .320 சராசரிக்காரர் ஒன்றும் அடிக்காமல் திரும்பலாம். அவர்களின் தரம் பிரிந்து தெரிய நூற்றுக்கணக்கான வாய்ப்புகள் வேண்டும். நீண்ட பருவம் தரத்தை வெளிக்கொணர்கிறது. ஒரு தனி ஆட்டம் யாருக்கும் இடம் கொடுக்கிறது. பெனன்ட் பந்தயத்தில் இவ்விரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிவதால்தான், தரத்தில் தாழ்ந்தவரின் ஒரு நாள் ஆட்டம் தரத்தை அளக்கும் பட்டியலிலேயே நிரந்தரமாகப் பதிந்துவிடுகிறது.

அதே வாரங்களில் கப்ஸ் பக்கமும் ஒரு மாற்று ஆட்டக்காரர் பெயர் பெற்றார் என்பது பலருக்குத் தெரியும். ஆனால் அவருடைய கதை வேறு பாடம். ஜூலை 9 அன்று ஷே ஸ்டேடியத்தில் சீவர் எதிரணியின் முதல் 25 பேரையும் ஒருவர்கூட பேஸை எட்டாமல் அவுட் ஆக்கியிருந்தார். இன்னும் இருவரை அவுட் ஆக்கினால், பேஸ்பாலில் மிக அரிதான 'பெர்ஃபெக்ட் கேம்' அவருக்குக் கிடைக்கும். ஒன்பதாவது இன்னிங்ஸில் ஒரு அவுட்டுக்குப் பின் வந்தவர் ஜிம்மி குவால்ஸ் என்ற புதுமுகம்; அன்று மையக் களத்தில் வழக்கமானவருக்குப் பதிலாக நிறுத்தப்பட்டவர். அவர் இடது மையப் பகுதியில் பந்தை விழச் செய்து சீவரின் சாதனையைக் கலைத்தார். குவால்ஸ் தன் வாழ்க்கை முழுவதிலும் வெற்றிகரமாக அடித்தது 31 முறை மட்டுமே. நியூயார்க்கில் அவர் பெயர் இன்றும் மறக்கப்படவில்லை. ஆனால் கப்ஸ் அந்த ஆட்டத்தில் 4-0 என்று தோற்றது. தரவரிசைப் பட்டியலில் குவால்ஸின் அடிக்கு மதிப்பு பூச்சியம். நினைவில் நிற்கும் அடியும் பந்தயத்தை நகர்த்தும் அடியும் ஒன்றல்ல என்பதைக் காட்ட இதைவிடத் தெளிவான சோடி எனக்குத் தெரியவில்லை.

வைஸின் அடி பந்தயத்தை நகர்த்தியது, ஆனால் எவ்வளவு? இங்கே நேர்மையாக ஒரு கணக்குப் பார்க்க வேண்டும். பருவத்தின் முடிவில் மெட்ஸ் 100 வெற்றி, 62 தோல்வி. கப்ஸ் 92 வெற்றி, 70 தோல்வி. இடைவெளி 8 ஆட்டங்கள். ஜூலை 15 ஆட்டத்தை மெட்ஸ் தோற்றிருந்தாலும் இறுதியில் முதலிடம் மாறியிருக்காது. அப்படியானால் அந்த ஹோம் ரன் வீணா என்று கேட்பவர்கள், பந்தயத்தை முடிவிலிருந்து பின்னோக்கிப் பார்க்கிறார்கள். ஆடுபவர்களுக்கு அந்த வசதி இல்லை. ஜூலைக்குப் பின் மெட்ஸ் சரியத் தொடங்கி, ஆகஸ்ட் நடுவில் ஏறக்குறைய பத்து ஆட்டங்கள் பின்தங்கியும் போனது. ரிக்லியில் மூன்றையும் தோற்றிருந்தால் அந்தப் பள்ளம் இன்னும் ஆழமாக இருந்திருக்கும். கடைசி 49 ஆட்டங்களில் 38ஐ வென்று செப்டம்பர் 10 அன்று முதலிடத்தைப் பிடித்த அணிக்கு, எந்த ஜூலை வெற்றி உபரி, எது இன்றியமையாதது என்று ஜூலையில் யாரால் சொல்லியிருக்க முடியும்?

ஓர் ஆட்டம்கூட உபரியில்லாத பந்தயத்தைப் பார்க்க வேண்டுமானால் 1978க்குப் போக வேண்டும். அமெரிக்கன் லீக் கிழக்குப் பிரிவில் நியூயார்க் யாங்கீஸும் பாஸ்டன் ரெட் சாக்ஸும் 162 ஆட்டங்களுக்குப் பின் 99 வெற்றி, 63 தோல்வி என்று சரிசமமாக நின்றன. அக்டோபர் 2 அன்று பாஸ்டனில் ஒரு கூடுதல் ஆட்டம். யாங்கீஸின் ஷார்ட்ஸ்டாப் பக்கி டென்ட் வழக்கமான ஆட்டக்காரர்தான். ஆனால் அடிப்பதில் பலவீனமானவர் என்பதால் கடைசி இன்னிங்ஸ்களில் அவருக்குப் பதிலாக வேறொருவரை அடிக்க அனுப்புவது வழக்கம். அன்று அது முடியவில்லை. இரண்டாம் பேஸ் ஆட்டக்காரர் வில்லி ராண்டால்ஃப் காயத்தால் இல்லை. அவர் இடத்தில் ஆடிய மாற்று ஆட்டக்காரர் பிரையன் டாயிலுக்குப் பதிலாக அடிக்க ஏற்கெனவே ஒருவரை அனுப்பியாயிற்று. இனி டென்டையும் எடுத்தால் உள்களத்தில் நிற்க ஆள் போதாது. பெஞ்ச் காலியானதால் டென்ட் மட்டையோடு நின்றார், ஏழாவது இன்னிங்ஸில் மூன்று ரன் ஹோம் ரன் அடித்தார். யாங்கீஸ் 5-4 என்று வென்றது. வைஸின் ஆட்டத்தைப் போலவே மூன்று ரன் அடி, அதே 5-4. பெஞ்சில் ஆள் இருப்பது மட்டுமன்றி, இல்லாமல் போவதும் பந்தயத்தைத் தீர்மானிக்கக் கூடும்.

1969க்குத் திரும்புவோம். மெட்ஸின் மேனேஜர் கில் ஹாட்ஜஸ் பெஞ்சை அவசரத்துக்கு மட்டும் வைத்திருக்கவில்லை. வலக்கை ஆட்டக்காரருக்கு இடக்கை பிட்சரின் பந்தும், இடக்கை ஆட்டக்காரருக்கு வலக்கை பிட்சரின் பந்தும் பொதுவாக நன்றாகத் தெரியும். பந்து உடலை நோக்கி வளைந்து வருவதே காரணம். அதனால் ஒரே இடத்துக்கு இரண்டு பேரை வைத்துக்கொண்டு, எதிரணியின் பிட்சர் எந்தக் கை என்று பார்த்து அன்றன்று ஒருவரை இறக்குவார்கள். இதைப் பிளாட்டூன் முறை என்பார்கள். ஹாட்ஜஸ் முதல் பேஸ், இரண்டாம் பேஸ், மூன்றாம் பேஸ், வலது வெளிக்களம் ஆகிய நான்கு இடங்களிலும் இப்படிச் செய்தார். ஹாரல்சன் திரும்பிய பின் வலக்கை ஆட்டக்காரரான வைஸ், இடக்கை ஆட்டக்காரரான கென் பாஸ்வெல்லோடு இரண்டாம் பேஸைப் பங்கிட்டுக்கொண்டார்.

கப்ஸின் மேனேஜர் லியோ டுரோச்சர் இதற்கு நேரெதிர். அவருடைய முதன்மை ஆட்டக்காரர்கள் அன்றாடம் ஆடினார்கள். பில்லி வில்லியம்ஸ் ஓர் ஆட்டத்தையும் விடவில்லை. பிட்சர் எறியும் பந்தைப் பிடிக்கும் கேட்சர் ராண்டி ஹண்ட்லி, மண்டியிட்டு மண்டியிட்டு உடல் நொறுங்கும் அந்த இடத்தில் 151 ஆட்டங்கள் ஆடினார். செப்டம்பரில் கப்ஸ் 8 வெற்றி, 17 தோல்வி என்று சரிந்ததற்குச் சோர்வே காரணம் என்று ஒரு கருத்து நெடுநாளாக உண்டு. மெட்ஸின் பிட்சர்கள் அந்த மாதத்தில் எறிந்த விதத்தைப் பார்க்கும்போது, சோர்வை மட்டும் காரணமாகச் சொல்வது மிகை என்றே நான் நினைக்கிறேன். ஆனாலும் பெஞ்சைப் பயன்படுத்திய அணி, பயன்படுத்தாத அணியைக் கடந்து போனது என்ற அளவில் அந்தக் கருத்தை ஒதுக்கிவிடவும் முடியவில்லை.

அட்லான்டா பிரேவ்ஸை 3-0 என்று வென்று மெட்ஸ் கொடியைப் பெற்றது. உலகத் தொடரில் எதிரே நின்ற பால்டிமோர் ஓரியோல்ஸ் 109 ஆட்டங்களை வென்ற அணி. அவர்களுடைய முன்னணி பிட்சர்கள் இருவர் இடக்கையர் என்பதால், ஐந்து ஆட்டங்களில் நான்கில் பிளாட்டூன் விதிப்படி வைஸ் தொடக்கத்திலிருந்தே ஆடினார். இரண்டாவது ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸில் வெற்றி ரன்னைக் கொண்டுவந்த அடி அவருடையது. தொடர் முழுவதும் 11 வாய்ப்புகளில் 5 முறை அடித்து .455 சராசரியோடு முடித்தார். அக்டோபர் 16 அன்று ஐந்தாவது ஆட்டத்தின் ஏழாவது இன்னிங்ஸில், மெட்ஸ் 3-2 என்று பின்தங்கியிருந்தபோது, டேவ் மெக்னலி எறிந்த பந்தை அவர் வேலிக்கு அப்பால் அனுப்பி ஆட்டத்தைச் சமன் செய்தார். மெட்ஸ் 5-3 என்று வென்று உலகத் தொடரைக் கைப்பற்றியது. சொந்த மைதானமான ஷே ஸ்டேடியத்தில் அவர் அடித்த ஒரே ஹோம் ரன் அதுதான். உலகத் தொடரின் எண்கள் தனிக் கணக்கில் வைக்கப்படுவதால், முன்பு சொன்ன ஏழில் அது சேராது.